டிஜிட்டல் அரெஸ்ட்ல போன பணம்: 66டி போட்டா மட்டும் திரும்பி வந்துருமா?

14-03-2025, கேள்வி

எங்க மாமாவை வீடியோ கால்ல சிபிஐ ஆபீசர்னு மிரட்டி 7 லட்சம் வாங்கிட்டாங்க. எஃப்ஐஆர்ல ஐடி ஆக்ட் 66டி மட்டும்தான் இருக்கு. அது 3 வருஷ கேஸ், பிடிச்சாலும் உடனே ஜாமீன்ல வந்துருவான்னு வக்கீல் சொல்றார். அப்போ இந்த சட்டத்தால என்ன பிரயோஜனம்? யாருக்காவது பணம் திரும்பி வந்திருக்கா? அனுபவம் இருக்கிறவங்க மட்டும் சொல்லுங்க.

14-03-2025, இரவு 10.50

எங்களுக்கு இன்னும் கைக்கு வரல, ஆனா கொஞ்சம் பணத்தை நிறுத்தி வச்சிருக்காங்க. எங்க பெரியம்மா, ரிட்டயர்டு நர்ஸ், ஜனவரி 21-ந் தேதி 4,80,000 ரூபாய் ஏமாந்தாங்க. அதுல 1,61,800 ஹோல்டுல இருக்கு. மீதி போயிருச்சு.

ஒண்ணை மட்டும் முதல்ல கேட்டுக்கறேன். மாமா பணம் அனுப்பி எவ்வளவு நேரம் கழிச்சு 1930-க்கு, அதான் சைபர் மோசடி ஹெல்ப்லைனுக்கு, கூப்பிட்டீங்க? தண்டனை எத்தனை வருஷம்ங்கறதை அப்புறம் பாத்துக்கலாம், பணத்தைப் பொறுத்தவரைக்கும் அந்த நேரம்தான் கணக்கு. எங்களுக்குப் பத்தரை மணி நேரம் ஆயிருச்சு. ஒரு மணி நேரத்துல கூப்பிட்டிருந்தா முழுசும் நின்னிருக்கும்னு ஸ்டேஷன்ல எஸ்ஐ சொன்னார், அதைக் கேட்டு பெரியம்மா அந்த பெஞ்சுலயே அழுதாங்க.

15-03-2025

காலையில இருந்து உங்க வக்கீல் சொன்னதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன். நான் சட்டம் படிச்சவ இல்ல, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, ஆனா இந்த ரெண்டு மாசத்துல ஐடி ஆக்டைப் பல தடவை படிச்சாச்சு. அவர் சொல்றது சரிதான். 66டிங்கறது கம்ப்யூட்டர், போன் வச்சு ஆள் மாறாட்டம் பண்ணி ஏமாத்தறது, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். அதே ஆக்ட்ல 77பி-ன்னு ஒண்ணு இருக்கு, 3 வருஷ தண்டனை உள்ள குற்றமெல்லாம் ஜாமீன்ல விடக்கூடியதுன்னு அதுதான் சொல்லுது. 2008 திருத்தத்துல வந்தது.

அதனால 66டி தனியா நிக்கக்கூடாது. கூடவே பிஎன்எஸ், அதாவது புது தண்டனைச் சட்டம், 318(4) போடணும், பழைய 420 இப்போ அந்த நம்பர்தான், 7 வருஷம், ஜாமீன் கோர்ட் பாத்துக் குடுக்கறது. சிபிஐ, போலீஸ்னு சொல்லி மிரட்டியிருந்தா 204-ம் இருக்கு, அரசு ஊழியர் மாதிரி நடிக்கறது. கும்பலா தொழிலாவே பண்றாங்கன்னு காட்ட முடிஞ்சா 111, அமைப்பு ரீதியான குற்றம், அதுல சைபர் குற்றம்னு வார்த்தையாவே எழுதியிருக்கு, ஆயுள் வரைக்கும் போகும். எங்க எஃப்ஐஆர்லயும் முதல்ல 66டி மட்டும்தான் இருந்துச்சு, மனு எழுதிக் குடுத்து 318(4) சேர்த்தோம். எஃப்ஐஆர் போட்ட பிறகும் பிரிவு சேர்க்கலாம், நீங்க போய் கேளுங்க, தயங்காதீங்க.

தமிழ்நாட்டுல குண்டாஸ் சட்டமும் இருக்கு. 1982-ல வந்த சட்டம், 2014 திருத்தத்துல சைபர் குற்றவாளியையும் உள்ள கொண்டு வந்தாங்க. ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம்.

15-03-2025, மாலை

மேல எழுதினதுல ஒரு திருத்தம். 111 போடறது அவ்வளவு சுலபம் இல்லையாம். பத்து வருஷத்துக்குள்ள அந்தக் கும்பல் மேல ஒண்ணுக்கு மேல சார்ஜ்ஷீட் இருக்கணும், அதை கோர்ட் ஏத்துக்கிட்டிருக்கணும். ஸ்டேஷன்ல போய் 111 போடுங்கன்னு சண்டை போட்டு நேரத்தை விடாதீங்க. 318(4) போதும்.

19-03-2025

"படிச்ச பொம்பளை எப்படி ஏமாந்தாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கோபம் வருது, ஆனா நானும் அன்னிக்கு ராத்திரி அதையேதான் கேட்டேன்.

காலையில ஏழரைக்கு போன். உங்க ஆதார்ல ஒரு பார்சல் மும்பையில பிடிபட்டிருக்கு, உள்ள போதை மருந்து, ஆறு பாஸ்போர்ட்டுன்னு ஆரம்பிச்சிருக்கான். அப்புறம் வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னாடி கொடி, சுவத்துல காந்தி படம். சுப்ரீம் கோர்ட்ல இருந்து வந்ததுன்னு சிங்க முத்திரை போட்ட ஒரு லெட்டர், அதுல பெரியம்மா பேரு, ஆதார் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் பிசகாம இருந்துச்சு. கதவைச் சாத்துங்க, யார்கிட்டயும் பேசினா அவங்களும் குற்றவாளின்னு சொல்லியிருக்கான். பெரியம்மா அந்த போனை சமையல்கட்டுல ஊறுகாய் ஜாடி மேல சாய்ச்சு வச்சு, விழாம இருக்க ஒரு ரப்பர் பேண்டை மாட்டியிருக்காங்க. நான் போனப்போ அந்த ரப்பர் பேண்ட் ஜாடியிலயே இருந்துச்சு. பாத்ரூம் போகக்கூட அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் போயிருக்காங்க. முப்பத்தி ரெண்டு வருஷம் ஜிஹெச்ல நைட் டியூட்டி பாத்த மனுஷி.

பணம் வெரிஃபிகேஷனுக்குத்தான், 24 மணி நேரத்துல திரும்பி வரும்னு சொல்லி பேங்க்குக்கு அனுப்பியிருக்கான். பையில போன், கால் கட் ஆகல. எஃப்டியை உடைச்சு ஆர்டிஜிஎஸ். கவுண்டர்ல அந்தப் பொண்ணு எதுக்கும்மா இவ்வளவுன்னு கேட்டிருக்கா, சொல்லிக் குடுத்த மாதிரியே பேரன் காலேஜ் ஃபீஸுன்னு சொல்லியிருக்காங்க. பணம் போற அக்கவுண்ட் பேர்ல டிரேடர்ஸ்னு இருக்கு, காலேஜ் ஃபீஸ் எப்படி டிரேடர்ஸுக்குப் போகும்? இதை அந்தக் கவுண்டர்ல யாராவது ஒரு தடவை நிமிந்து பாத்துக் கேட்டிருந்தா போதும். 11.40-க்கு பணம் போயிருச்சு. ராத்திரி ஒன்பதரைக்கு எனக்கு போன் பண்ணி, "பாப்பா, சிபிஐக்குப் பணம் கட்டினா ரசீது தருவாங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு.

டிஜிட்டல் அரெஸ்ட்ங்கறது எந்தச் சட்டத்துலயும் கிடையாது. போன்ல யாரையும் கைது பண்ண முடியாது. 2024 அக்டோபர் 27-ந் தேதி பிரதமரே மன் கி பாத்ல சொன்னார். பெரியம்மா டிவில அதைப் பாத்திருக்காங்களாம். பாத்தும் அந்த நேரத்துக்கு மூளைக்கு எட்டலைன்னாங்க. பயம் அப்படித்தான், படிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

23-03-2025

1930-ல என்ன கேப்பாங்கன்னு சிலர் கேக்கறீங்க. எந்த அக்கவுண்ட்ல இருந்து போச்சு, எந்த அக்கவுண்டுக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அப்புறம் முக்கியமா யூடிஆர் நம்பர், ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் பேங்க் குடுக்கற அடையாள எண். ஆர்டிஜிஎஸ்னா 22 எழுத்து, யுபிஐனா 12 இலக்கம். இது இல்லாம கூப்பிட்டா அவங்க தேட முடியாது. எங்களுக்கு பேங்க் சீட்டு பெரியம்மா பர்ஸ்ல மடிச்சு இருந்துச்சு, அதுல இருந்து படிச்சேன். ஒப்புகை நம்பர் எஸ்எம்எஸ்ல வரும், அதை வச்சு சைபர்கிரைம் போர்ட்டல்ல முழுப் புகாரும் போடணும். பழைய நம்பர் 155260 சில போஸ்டர்ல இன்னும் இருக்கு, அதை விட்டுருங்க.

இன்னொண்ணு, 2017 ஜூலை 6 ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கை. மூணு வேலை நாளுக்குள்ள பேங்க்குக்குச் சொல்லிட்டா நமக்கு ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது, 10 வேலை நாள்ல பேங்க் திருப்பி வரவு வைக்கணும். எல்லாரும் இதைக் கேட்டு வாங்குங்க.

24-03-2025

நேத்து எழுதின கடைசிப் பத்தி முழுசா சரியில்ல, அதை நம்பி யாரும் பேங்க்ல போய் நிக்காதீங்க. அந்தச் சுற்றறிக்கை நமக்குத் தெரியாம நம்ம அக்கவுண்ட்ல இருந்து எடுத்த பணத்துக்குத்தான். நாமளே கையெழுத்து போட்டு அனுப்பினா, ஏமாந்துதான் அனுப்பினோம்னாலும், அது நாம அனுமதி குடுத்த பரிவர்த்தனைங்கறாங்க. பெரியம்மா விஷயத்துல பேங்க் எழுத்துலயே அப்படித்தான் பதில் குடுத்துச்சு. ஓடிபி சொல்லிட்டாலும் புகார் குடுக்கற வரைக்கும் போனது நம்ம நஷ்டம், புகாருக்கு அப்புறம் போனா பேங்க் நஷ்டம். அதனாலயும் நேரம் முக்கியம்.

கார்டை நகல் எடுத்து (குளோன்) பணம் எடுத்தது, நம்ம நம்பருக்கு வேற ஆள் சிம் வாங்கிட்டது (சிம் ஸ்வாப்) இந்த மாதிரி ஆனவங்க மட்டும் அந்தச் சுற்றறிக்கையைப் பிடிச்சுக்கோங்க.

அவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, வக்கீல்கள்லயே நிறைய பேர் சொல்றதில்ல. ஐடி ஆக்ட் 46-ம் பிரிவு. ஒவ்வொரு மாநிலத்துலயும் ஐடி துறைச் செயலாளர்தான் தீர்ப்பு அதிகாரி, 5 கோடி வரைக்கும் நஷ்டஈடு கேட்டு நேரா அவர்கிட்ட மனு போடலாம். நம்ம தமிழ்நாட்டுலயே நடந்திருக்கு. தூத்துக்குடியில அக்கவுண்ட் வச்சிருந்த, வெளிநாட்டுல வேலை பாத்த ஒருத்தர் ஃபிஷிங் மெயில்ல, அதாவது பேங்க் அனுப்பின மாதிரி வர்ற போலி மெயில்ல, பணத்தை விட்டுட்டு, தன் பேங்க் மேலயே மனு போட்டார். 2010 ஏப்ரல்ல 12.85 லட்சம் குடுக்கச் சொல்லி பேங்க்குக்கு உத்தரவு. பாதுகாப்புல ஓட்டை வச்சிருந்தது பேங்க் தப்புன்னு. மேல்முறையீட்டுல முடிய 2019 ஆயிருச்சு, அதையும் சொல்லிடணும்.

24-03-2025, இரவு

"வாட்ஸ்அப்ல என்னைக் கேவலமா எழுதறான், 66ஏ போடலாமா"ன்னு ஒருத்தர் நடுவுல கேட்டிருக்கார். போட முடியாது. இன்னிக்குத் தேதிக்குச் சரியா பத்து வருஷம் முன்னாடி, 2015 மார்ச் 24, சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவை ரத்து பண்ணிருச்சு. பேச்சு சுதந்திரத்துக்கு எதிரானதுன்னு. அதுக்கப்புறமும் ஸ்டேஷன்ல 66ஏ போட்டுட்டு இருந்ததைப் பாத்து 2021-ல அதே கோர்ட் அதிர்ச்சியா இருக்குன்னு சொல்லுச்சு. ஆபாசமா இருந்தா 67 இருக்கு, அந்தரங்கப் படம்னா 66இ.

67-னதும் ஞாபகம் வருது. இந்தியாவுலயே அந்தப் பிரிவுல முதல் தண்டனை சென்னை எழும்பூர் கோர்ட்ல, 2004 நவம்பர்ல. கல்யாணத்துக்கு மறுத்த ஒரு பெண்ணைப் பத்தி யாஹூ குரூப்ல அசிங்கமா எழுதி, அவங்க நம்பரையும் போட்டுட்டான் ஒருத்தன். எஃப்ஐஆர் போட்டு ஏழு மாசம் போல, தண்டனையே ஆயிருச்சு. அப்போ வாட்ஸ்அப்பும் இல்ல, சைபர் ஸ்டேஷனும் மாவட்டத்துக்கு ஒண்ணு இல்ல. எங்க கேஸ்ல ரெண்டு மாசம் தாண்டி முதல் அக்கவுண்ட்காரனோட விலாசம்கூட உறுதியாகல. அந்த வேகம் ஏன் இப்போ இல்லைன்னு யாராவது உள்ள இருக்கிறவங்க சொல்லுங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

29-03-2025

நானே பதில் யோசிச்சேன். அப்போ குற்றவாளி ஒரே ஆள், அந்தப் பெண்ணுக்குத் தெரிஞ்ச ஆள். இப்போ பேசறவன் ஒரு நாட்டுல, அக்கவுண்ட் ராஜஸ்தான்ல, சிம் கார்டு வேற மாநிலத்துல, பணம் எடுக்கிறவன் இன்னொரு ஊர்ல. மியான்மர் மியாவடி, கம்போடியா, லாவோஸ் பக்கம் இதுக்குன்னே வளாகம் கட்டி வச்சிருக்காங்க. இந்த மாசம் 10, 11 தேதியில மட்டும் 500-க்கு மேல இந்தியர்களை அங்க இருந்து தாய்லாந்து வழியா விமானத்துல கொண்டு வந்தாங்க.

2022 அக்டோபர்லயே தமிழ்நாட்டுப் பசங்க 13 பேர் மியாவடியில இருந்து சென்னைக்கு வந்து இறங்கினாங்க. ஐடி வேலைன்னு நம்பிப் போய் மாட்டினவங்க, இந்த வேலையைச் செய்ய மாட்டேன்னதுக்கு அடி வாங்கினவங்க. பெரியம்மாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "என்கிட்ட ரெண்டாவதா பேசின பையன் சின்னக் குரலா இருந்தான், தண்ணி குடிச்சுக்கோங்க ஆன்ட்டின்னான்"னு சொன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

11-04-2025

கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து ஒருத்தர் போன். செகண்ட் ஹேண்ட் செல்போன் கடை வச்சிருக்காராம். "மேடம், உங்க புகார்ல என் அக்கவுண்டை ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க, புகார் குடுத்தவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தா எடுத்துவிடறோம்னு சொல்றாங்க"ன்னார். ஹோல்டுல இருக்கற 1,61,800-ல 38,500 இவர் அக்கவுண்ட்ல இருக்கறதுதான். நான் கத்திட்டேன். உங்க ஆளுங்க எங்க பெரியம்மாவை என்ன பண்ணினாங்க தெரியுமான்னு கேட்டு கட் பண்ணிட்டேன். இன்னும் படபடப்பு அடங்கல. இவங்களுக்கு எப்படி என் நம்பர் கிடைக்குது?

13-04-2025

அந்த மனுஷர் திரும்பக் கூப்பிடல, வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ மட்டும் அனுப்பியிருந்தார். கடையோட பில் புக். ஜனவரி 21, சாயங்காலம் 6.15, ரெண்டு போன், 38,500, ரெண்டுக்கும் ஐஎம்இஐ நம்பர், ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி அடையாள எண், எழுதியிருக்கு. வாங்கினவன் யுபிஐல கட்டியிருக்கான். ஒரு திருடன் பில் புக்குல ஐஎம்இஐ எழுதி வச்சுக்க மாட்டான். அன்னிக்குக் கத்தினதுக்கு அவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன்.

அவர் சொன்னதைக் கேட்டா வயித்தெரிச்சலா இருக்கு. 38,500 சந்தேகப் பணம், சரி. ஆனா அக்கவுண்டே மொத்தமா முடக்கம். உள்ள இருந்த ரெண்டு லட்சத்துச் சொச்சம் சரக்கு எடுக்க வச்சிருந்தது. ரெண்டரை மாசமா கடன் வாங்கி கடை நடத்தறார், பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டல. இந்தப் பணம் மூணாவது கை, போலீஸ் பாஷையில மூணாவது லேயர். போன் வித்தவர் போனையும் குடுத்துட்டார், பணமும் நின்னுருச்சு.

மூணு நாள் முன்னாடி வரைக்கும் எத்தனை அக்கவுண்டை முடக்கினாலும் நல்லதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். இப்போ அப்படிச் சொல்ல முடியல. கேரளா ஹைகோர்ட் 2023-லயே சொல்லியிருக்கு, சந்தேகப்படற தொகையை மட்டும் நிறுத்துங்க, அக்கவுண்டை முழுசா மூடாதீங்கன்னு. மெட்ராஸ் ஹைகோர்ட்டும் 2024-ல அதையே சொல்லிருச்சு. பிஎன்எஸ்எஸ், அதாவது புது குற்ற நடைமுறைச் சட்டம், 106-ல போலீசுக்கு அதிகாரம் இருக்கு, ஆனா அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாம நிறுத்தி வச்சா, லியன்ங்கறாங்க, அது போதும்ல? உத்தரவு இருக்கு, கடைக்காரர் கவுண்டர்ல நின்னா "சைபர்ல இருந்து மெயில் வரட்டும்"ங்கறாங்க.

பெரியம்மா ஸ்டேஷனுக்கே வந்து எழுதிக் குடுத்தாங்க. 38,500 போக மீதிக்கு எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு. அந்த ஐஎம்இஐ நம்பரையும் விசாரணை அதிகாரிகிட்ட குடுத்தோம், ரெண்டு போனும் இப்போ எங்க ஆன்ல இருக்குன்னு அதை வச்சுப் பாக்கலாமே.

06-05-2025

சின்னக் குறிப்பு. ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் போட்டுக் குடுத்தா மட்டும் சாட்சியம் ஆகாது. புது சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுல சான்றிதழ் வேணும், பழைய 65பி. இப்போ அதுல ரெண்டு பாகம், ஒண்ணு நாம கையெழுத்து போடறது, இன்னொண்ணு நிபுணர் போடறது. போனை மாத்தாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க, அந்த சாட்டை அழிக்காதீங்க. பெரியம்மா பயத்துல அந்த லெட்டரை அழிச்சிட்டாங்க, நல்லவேளை எனக்கு ஃபார்வர்டு பண்ணி வச்சிருந்தாங்க.

22-07-2025

வந்துருச்சு! 1,23,300. முதல்ல 1,12,000, ரெண்டு நாள் கழிச்சு 11,300.

ஹோல்டுல இருக்கற பணம் தானா திரும்பி வராது, இதைப் பெரிய எழுத்துல எழுதி வச்சுக்கோங்க. மாஜிஸ்திரேட் கோர்ட்ல பிஎன்எஸ்எஸ் 503-ல மனு போடணும், பழைய 457. எஃப்ஐஆர் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், எந்த அக்கவுண்ட்ல எவ்வளவு நிக்குதுன்னு போலீஸ் குடுக்கற அறிக்கை. அந்த அறிக்கைக்காக மட்டும் அஞ்சு தடவை நடந்தோம். உத்தரவு நகலை அந்தந்த பேங்க்குக்கு நேர்லயும் மெயில்லயும் குடுத்தோம்.

கடைக்காரர் அக்கவுண்ட் மே கடைசியில திறந்துட்டாங்க, 38,500 மட்டும் லியன்ல.

02-12-2025

நேத்து சுப்ரீம் கோர்ட் டிஜிட்டல் அரெஸ்ட் கேஸ்களை சிபிஐ விசாரிக்கணும்னு உத்தரவு போட்டிருக்கு. மோசடிப் பணம் போற அக்கவுண்ட் திறக்க உதவின பேங்க் ஆளுங்களையும் சேர்த்து. இதைத்தான் மார்ச்ல இருந்து கேட்டுட்டு இருந்தேன், ஒரு டிரேடர்ஸ் அக்கவுண்ட் திடீர்னு லட்சம் லட்சமா வாங்கி அரை மணி நேரத்துல காலி பண்ணுது, அந்தக் கிளையில யாருக்கும் தோணலையா? சிபிஐ பேரைச் சொல்லித்தான் ஏமாத்தினான், இப்போ நிஜ சிபிஐயே தேடப் போகுதுன்னு பெரியம்மாகிட்ட சொன்னேன். "அவங்க போன் பண்ணினா நான் எடுக்க மாட்டேன், நேர்ல வரச் சொல்லு"ன்னாங்க. சரியான பதில்.

17-12-2025

மிச்சம் 38,500-க்கான மனு இன்னிக்கு வாய்தா. கடைக்காரரும் வந்திருந்தார், பில் புக்கோட. அவர் வக்கீல், நல்லெண்ணத்துல சரக்கு குடுத்து வாங்கின பணம்னு வாதாடினார். எங்க வக்கீல், திருட்டுப் பணம் யார் கையில இருந்தாலும் திருட்டுப் பணம்னார். ரெண்டும் எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. ஒரு போன் ஓசூர்ல ஆன் ஆகியிருக்குன்னு போலீஸ் அறிக்கை வந்திருக்கு, அதைப் பிடிச்சா மேல போக ஒரு வழி கிடைக்கும். வெளிய வராந்தாவுல பெரியம்மா அவர்கிட்ட பையன் ஃபீஸ் கட்டியாச்சான்னு கேட்டாங்க. கட்டியாச்சும்மான்னார். ஜனவரி 20-க்குத் தள்ளி வச்சிருக்காங்க.

கேள்வி கேட்டவரே, மாமா எஃப்ஐஆர்ல 318(4) சேர்த்தாச்சா? ஹோல்டு எவ்வளவுன்னு போர்ட்டல்ல பாத்தீங்களா? 503 மனு இன்னும் போடலைன்னா நாளைக்கே போடுங்க. எங்க மனுவோட நகல் இருக்கு, பேரெல்லாம் எடுத்துட்டு அனுப்பறேன்.